டிரிம் தெரியாத பழைய கணினியில் எஸ்எஸ்டி போடும் முறை

லேத் பட்டறையில் சிஎன்சி இயந்திரத்தோடு இணைந்த கணினி, பரிசோதனைக்கூடத்தில் ஒரே ஒரு கருவிக்காக வைத்திருக்கும் கணினி, பழைய கணக்கு மென்பொருள் மட்டும் ஓடும் கடைக் கணினி. இப்படிப் பல இடங்களில் இன்னும் விண்டோஸ் எக்ஸ்பிதான் ஓடுகிறது. கருவியின் டிரைவர் மென்பொருள் அதற்கு மேல் எதிலும் வேலை செய்யாது என்பதால் மாற்றவும் வழியில்லை. உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றைக்கு நிற்கும் என்று தெரியாது. அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத ஃபிளாஷ் நினைவக டிரைவ், போடுவது நல்ல முடிவுதான். ஆனால், நீக்கிய கோப்புகளின் இடம் இனித் தேவையில்லை என்று டிரைவுக்குச் சொல்லும் டிரிம் கட்டளை எக்ஸ்பிக்குத் தெரியாது. விஸ்டாவுக்கும் தெரியாது. விண்டோஸ் வரிசையில் 2009இல் வந்த விண்டோஸ் 7தான் முதன்முதலில் அதைக் கற்றது. எனவே பழைய டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டியை மாட்டி அப்படியே விட்டுவிட்டால், முதல் மாதம் பறக்கும் கணினி ஆறாம் மாதம் திக்கித் திணறலாம். இதைத் தடுக்க முடியும், செலவும் அதிகமில்லை.

டிரிம் இல்லாவிட்டால் உள்ளே என்ன ஆகிறது

ஃபிளாஷ் நினைவகத்தில் எழுதுவது பக்கம் பக்கமாக, அழிப்பது பிளாக் பிளாக்காக. ஆரம்பகால எஸ்எஸ்டிகளில் ஒரு பக்கம் 4 கேபி, ஒரு பிளாக் 512 கேபி. இன்றைய சில்லுகளில் இரண்டுமே இன்னும் பெரியவை. எழுதிய பக்கத்தின் மேலேயே மறுபடி எழுத முடியாது. புதுத் தகவலை வேறொரு காலிப் பக்கத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாதது என்று டிரைவை நிர்வகிக்கும் சில்லான கண்ட்ரோலர் குறித்துக்கொள்ளும். ஒரு பிளாக்கில் செல்லாத பக்கங்கள் சேர்ந்ததும், அதில் செல்லுபடியாகும் பக்கங்களை மட்டும் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு முழு பிளாக்கையும் அழிக்கும்.

நீங்கள் ஒரு கோப்பை நீக்கும்போது எக்ஸ்பி தன் பட்டியலில் மட்டும் அதை அடித்துவிடுகிறது. டிரைவுக்கு எதுவும் சொல்வதில்லை. டிரைவைப் பொறுத்தவரை அந்தக் கோப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிளாக்கைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அந்தச் செத்த கோப்பையும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் எழுதுகிறது. அதே முகவரியில் எக்ஸ்பி வேறொன்றை எழுதும்போதுதான் பழையது செத்தது என்று அதற்குத் தெரியவரும்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். “சி டிரைவில் பாதி காலியாகத்தானே வைத்திருக்கிறேன், போதாதா?” என்றால், போதாது. எக்ஸ்பியின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் புதுக் கோப்புகளைக் கிடைத்த காலி இடங்களில் எல்லாம் பரப்பி வைக்கும். தற்காலிகக் கோப்புகள், பிரவுசர் கேஷ், லாக் கோப்புகள் என்று சில மாதங்களில் அந்தப் பார்ட்டிஷனின் (டிரைவில் பிரித்த பகுதியின்) பெரும்பாலான முகவரிகளில் ஒரு முறையாவது எழுதப்பட்டுவிடும். மை கம்ப்யூட்டரில் பாதி காலி என்று காட்டினாலும் டிரைவின் கணக்கில் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டது. என்றுமே எழுதப்படாத முகவரிகள் மட்டுமே டிரைவுக்கு உண்மையான காலியிடம். ஆகவே டிரைவின் ஒரு பகுதியைப் பார்ட்டிஷனுக்குள் கொண்டுவராமலே விட்டுவிடுவதுதான் டிரிம் இல்லாத கணினிக்கு முதல் மருந்து.

டிரைவ் சீக்கிரம் தேய்ந்து போகும் என்ற பயம் மட்டும் பெரும்பாலும் தேவையற்றது. நாளுக்கு 5 ஜிபி எழுதும் கணினி ஆண்டுக்கு 1,825 ஜிபி எழுதும். உள்வேலைகளால் அது ஐந்து மடங்காகப் பெருகினாலும் ஏறத்தாழ 9 டிபி. ஆயிரம் முறை அழித்தெழுதத் தாங்கும் செல்கள் என்று வைத்துக்கொண்டால், 240 ஜிபி டிரைவ் மொத்தம் 240 டிபி தாங்கும். இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் வருகிறது. நம்மைத் தொந்தரவு செய்யப்போவது தேய்மானம் அல்ல, எழுதும்போது ஏற்படும் திடீர்த் தயக்கம். கருவியிலிருந்து தொடர்ந்து தரவு வாங்கிப் பதியும் கணினியில் அந்தத் தயக்கமே வேலையைக் கெடுத்துவிடும்.

எந்த டிரைவ் வாங்குவது

தேவையைப் போல இரண்டு மூன்று மடங்கு கொள்ளளவு வாங்குங்கள். எக்ஸ்பியும் அதன் மென்பொருள்களும் 40 ஜிபிக்குள் அடங்கும் என்றால் 240 ஜிபி எஸ்எஸ்டி வாங்கி 80 ஜிபிக்கு மட்டும் பார்ட்டிஷன் போடலாம். 120 ஜிபிதான் கையில் இருக்கிறது என்றால் குறைந்தது ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 24 ஜிபியை, தொடாமல் விடுங்கள். 120 ஜிபி என்று விற்கும் டிரைவில் 128 கிபிபைட் (GiB, அதாவது 1,024இன் மடங்கில் எண்ணும் ஜிபி) ஃபிளாஷ் இருந்தால் அது 137.4 ஜிபி, 96 ஜிபியை மட்டும் பயன்படுத்தும்போது கண்ட்ரோலருக்கு 41 ஜிபி புழங்க இடம் கிடைக்கிறது. ஒன்றும் விடாவிட்டால் கிடைப்பது 17 ஜிபிதான்.

டிராம் சில்லு (கண்ட்ரோலரின் தற்காலிக நினைவகம்) இல்லாத, க்யூஎல்சி வகை (ஒரு செல்லில் நான்கு பிட் வைக்கும்) மலிவு டிரைவுகளை இந்த வேலைக்குத் தவிர்க்கவும். அவை தம் காலியிடத்தையே எஸ்எல்சி கேஷாக (செல்லுக்கு ஒரு பிட் மட்டும் எழுதும் வேகமான தற்காலிகப் பகுதியாக) மாற்றி வேகம் காட்டுபவை. டிரிம் இல்லாமல் காலியிடம் சுருங்கச் சுருங்க அந்தக் கேஷும் சுருங்கும்; அப்போது வெளிப்படும் உண்மையான வேகம் பழைய ஹார்ட் டிஸ்க்கை விடக் கீழே போவதுண்டு. டிராம் உள்ள டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), கிடைத்தால் எம்எல்சி (இரண்டு பிட்) நல்லது. தரவு மையங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட இன்டெல் டிசி எஸ்3700 போன்றவை நல்ல நிலையில் கிடைத்தால் இன்னும் சிறப்பு. அவற்றில் உபரி இடம் தொழிற்சாலையிலேயே தாராளமாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. நாளுக்குப் பத்து முறை முழு டிரைவையும் எழுதினாலும் ஐந்தாண்டு தாங்கும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை.

பழைய போர்டு ஏற்றுக்கொள்ளுமா

டிரைவை இணைக்கும் சாட்டா போர்ட் இருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. விஐஏ விடி8237, விடி8237ஆர் சிப்செட் கொண்ட போர்டுகள் 1.5 ஜிகாபிட் வேகத்துக்கு மேலான டிரைவோடு பேசி வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தெரியாதவை. பயாஸில் (கணினி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலில்) டிரைவே தெரியாது. ஹார்ட் டிஸ்க்குகளில் வேகத்தைக் கட்டுப்படுத்த ஜம்பர் இருந்தது. எஸ்எஸ்டியில் அது கிடையாது. அத்தகைய போர்டுக்குத் தனி பிசிஐ சாட்டா கார்டு வேண்டும். அந்தக் கார்டிலும் விஐஏ 6421 சில்லு இல்லாமல் பார்த்து வாங்குங்கள், அதற்கும் இதே குறை உண்டு. பிசிஐ பஸ்ஸின் உச்ச வேகம் நொடிக்கு 133 எம்பி. எக்ஸ்பிக்கு அது தாராளம். எஸ்எஸ்டியின் பயன் தேடல் நேரம் இல்லாமல் போவதில்தான் பெரும்பாலும் இருக்கிறது.

சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ இணைப்பு மட்டுமே உள்ள போர்டிலும் மடிக்கணினியிலும் சாட்டா-ஐடிஇ மாற்றி போடலாம். பழைய மடிக்கணினிகளின் 44 பின் இணைப்புக்கு, எம்சாட்டா எஸ்எஸ்டியை உள்ளே பொருத்தும் 2.5 அங்குலக் கூடு கிடைக்கிறது. மேசைக் கணினியில் கேபிளைக் கவனியுங்கள். 40 கம்பி கேபிளாக இருந்தால் வேகம் நொடிக்கு 33 எம்பிக்கு மேல் போகாது. 80 கம்பி கேபிள் அவசியம்.

மிகப் பழைய பயாஸ் 137 ஜிபிக்கு மேல் பார்க்காது. சர்வீஸ் பேக் 1க்கு முந்தைய எக்ஸ்பியும் அப்படித்தான். எனவே சர்வீஸ் பேக் 3 உள்ள சிடியைப் பயன்படுத்துங்கள். பார்ட்டிஷனை டிரைவின் தொடக்கத்தில் 120 ஜிபிக்குள் அடக்குங்கள். காலியிடம் விடுவதற்கான ஏற்பாடே இந்தச் சிக்கலையும் தீர்த்துவிடுகிறது.

பயாஸில் சாட்டா முறையை ஐடிஇ அல்லது கம்பேட்டிபிள் என்று வையுங்கள். ஏஎச்சிஐ என்ற புதிய சாட்டா முறைக்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் இல்லை. ஏஎச்சிஐயில் விட்டால் நிறுவும்போதே 7பி என்று முடியும் எண்ணோடு நீலத் திரை வரும்.

பார்ட்டிஷன்: இதை எக்ஸ்பியிடம் விடாதீர்கள்

எக்ஸ்பி நிறுவல் சிடி முதல் பார்ட்டிஷனை 63ஆம் செக்டரில் (ஒரு செக்டர் 512 பைட்) தொடங்கும். அதாவது 32,256ஆம் பைட்டில். அது 4,096ஆல் வகுபடாது. விளைவு, என்டிஎஃப்எஸ் இடம் ஒதுக்கும் அலகான ஒவ்வொரு 4 கேபி கிளஸ்டரும் ஃபிளாஷின் இரண்டு பக்கங்களின் மேல் கால் பரப்பி உட்காரும். ஒரு கிளஸ்டர் எழுத இரண்டு பக்கங்களைத் தொட வேண்டும். டிரிம் இல்லாத குறையோடு இதுவும் சேர்ந்தால் டிரைவ் படும் பாடு இரட்டிப்பாகும்.

ஏற்கெனவே வேறெங்காவது பயன்பட்ட எஸ்எஸ்டி என்றால் முதலில் அதைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் பார்ட்டிஷன் போடாமல் விடும் இடத்திலும் பழைய தகவல் உயிரோடு இருப்பதாகவே டிரைவ் நினைத்துக்கொண்டிருக்கும். விட்டதில் பயனே இல்லை. டிரைவைச் சாட்டா போர்ட்டில் நேரடியாக இணைத்து, நிறுவாமலே யுஎஸ்பியிலிருந்து ஓடும் ஏதாவது ஒரு புதிய லைவ் லினக்ஸில் பூட் செய்து, எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளையில் கொள்ளளவையும் மாடல் பெயரையும் பார்த்து இதுதான் அந்த டிரைவ் என்று உறுதி செய்துகொண்டு, பிஎல்கேடிஸ்கார்ட் (blkdiscard) கட்டளையை அந்த டிரைவின் மேல் ஓட்டுங்கள். சில நொடிகளில் முழு டிரைவும் காலி என்று கண்ட்ரோலருக்குச் சொல்லிவிடும். எச்டிபார்ம் (hdparm) கட்டளை கொண்டு செக்யூர் இரேஸ் (டிரைவ் தன்னையே முழுதாக அழிக்கும் வசதி) செய்வதும் இதே பலனைத் தரும். ஆனால் அதற்குக் கடவுச்சொல் வைக்க வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் டிரைவ் பூட்டியபடி நின்றுவிடும். ஆகவே வைத்த கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வையுங்கள். டிரைவ் ‘ஃப்ரோசன்’ நிலையில் இருப்பதாகக் காட்டினால் கணினியை ஒருமுறை சஸ்பெண்ட் செய்து எழுப்பினால் பெரும்பாலும் விடுபடும். யுஎஸ்பி மாற்றி வழியாக செக்யூர் இரேஸ் முயல வேண்டாம்.

பிறகு விண்டோஸ் 7 டிவிடியில் பூட் செய்யுங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் அது. உரிமச் சாவி தேவைப்படாது. பழைய கணினி அதை ஓட்டாது என்றால் வேறொரு கணினியில் எஸ்எஸ்டியை மட்டும் மாட்டிச் செய்யலாம்.

1. மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை திறக்கும். டிஸ்க்பார்ட் என்று தட்டச்சு செய்யுங்கள்.
2. லிஸ்ட் டிஸ்க். எஸ்எஸ்டியின் எண்ணைப் பார்த்து, செலக்ட் டிஸ்க் 0 (எண் வேறாக இருந்தால் அது).
3. கிளீன். ‘கிளீன் ஆல்’ என்று கொடுத்துவிடாதீர்கள். அது டிரைவ் முழுவதும் பூஜ்யம் எழுதும். நாம் காப்பாற்ற நினைக்கும் காலியிடம் எல்லாம் நிரம்பிவிடும்.
4. கிரியேட் பார்ட்டிஷன் ப்ரைமரி சைஸ்=81920 அலைன்=1024. இது 80 ஜிபி. உங்கள் அளவை எம்பியில் கொடுங்கள்.
5. ஆக்டிவ்.
6. ஃபார்மட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் குயிக்.
7. லிஸ்ட் பார்ட்டிஷன். ஆஃப்செட் 1024 கேபி என்று காட்ட வேண்டும்.

இனி எக்ஸ்பி சிடியைப் போட்டு, இந்தப் பார்ட்டிஷனையே தேர்ந்தெடுத்து, ஃபார்மட் கேட்கும் இடத்தில் கடைசி வரியான ‘இருக்கும் கோப்பு முறையை மாற்றாமல் விடு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பார்ட்டிஷனை நீக்கிவிட்டு மறுபடி போட்டால் பழையபடி 63ஆம் செக்டர்தான். நிறுவிய பிறகும் எக்ஸ்பியின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் புதிய பார்ட்டிஷன் எதுவும் உருவாக்காதீர்கள். ஒரே ஒரு ப்ரைமரி பார்ட்டிஷன் போதும். ஃபேட்32இல் நிறுவிப் பின்னால் கன்வர்ட் செய்வதும் கூடாது, கிளஸ்டர் 512 பைட்டாகச் சிறுத்துவிடக்கூடும்.

கருவியின் மென்பொருளுக்கு நிறுவல் சிடியே இல்லை, இருக்கும் டிஸ்க்கை அப்படியே நகலெடுத்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை அடிக்கடி வரும். டிஸ்க்கை நகலெடுக்கும் மென்பொருளான குளோன்சில்லா பயன்படுத்துங்கள். அது இயல்பாகவே பயன்பட்ட பகுதிகளை மட்டும் நகலெடுக்கும். மூல டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே வைக்கும்படி விட்டால் 240 ஜிபி எஸ்எஸ்டியில் மிச்சம் தானாகவே வெளியே நிற்கும். ஆனால் 63ஆம் செக்டர் தொடக்கமும் அப்படியே வரும். அதற்கு, பார்ட்டிஷன் திருத்தும் மென்பொருளான ஜிபார்ட்டெட்டில் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, முன்னால் 1 எம்பி இடம் விட்டு, ‘எம்ஐபி’ ஒழுங்கில் நகர்த்த வேண்டும். நகர்த்தும்போது பார்ட்டிஷனின் காலிப் பகுதிகளும் எழுதப்படும் என்பதால், முடிந்த கையோடு கீழே சொல்லும் டிரிம் வேலையைச் செய்துவிடுங்கள். நகர்த்திய பின் எக்ஸ்பி பூட் ஆகாவிட்டால் எக்ஸ்பி சிடியின் ரெக்கவரி கன்சோலில் ஃபிக்ஸ்பூட் கொடுங்கள்.

சரிபார்க்க: எக்ஸ்பியில் ரன் பெட்டியில் எம்எஸ்இன்ஃபோ32 திறந்து, காம்பொனன்ட்ஸ், ஸ்டோரேஜ், டிஸ்க்ஸ் என்று போனால் பார்ட்டிஷன் தொடங்கும் ஆஃப்செட் தெரியும். 1,048,576 என்றால் சரி. 32,256 என்றால் தவறு.

எக்ஸ்பியில் மாற்ற வேண்டியவை

இணையத்தில் இதற்கு நீண்ட பட்டியல்கள் உண்டு. பெரும்பாலானவை பலன் தராது. டிரைவில் எழுதும் அளவை உண்மையில் குறைப்பவை இவை மட்டுமே.

டீஃப்ராக் வேண்டாம், கையால் ஓட்டவும் வேண்டாம். எக்ஸ்பி சும்மா இருக்கும் நேரத்தில் பூட் கோப்புகளைத் தானாகவே இடம் மாற்றும் வழக்கம் உண்டு. ரெஜிஸ்ட்ரியில் எச்கேஎல்எம், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், டிஎஃப்ஆர்ஜி, பூட்ஆப்டிமைஸ்ஃபங்ஷன் வரை போய் ‘எனேபிள்’ மதிப்பில் உள்ள ஒய் எழுத்தை என் எழுத்தாக்கினால் அது நிற்கும். கோப்பைத் திறந்த நேரத்தைப் பதியும் வழக்கத்தை நிறுத்த, கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எஃப்எஸ்யூட்டில் பிஹேவியர் செட் டிஸேபிள்லாஸ்ட்ஆக்சஸ் 1. ஹைபர்நேஷனை நிறுத்துங்கள். சிஸ்டம் ரீஸ்டோர் இயல்பாக 12 சதவீதம் இடம் எடுத்துக்கொள்ளும், அதைக் குறைந்த அளவுக்கு இழுத்துவிடுங்கள்.

ராம் போதாதபோது டிரைவில் எழுதப் பயன்படும் பேஜ்ஃபைலை நீக்கச் சொல்பவர்கள் உண்டு. 1 ஜிபி, 2 ஜிபி ராம் உள்ள கணினியில் அது ஆபத்து. குறைந்தபட்சம், அதிகபட்சம் இரண்டையும் ஒரே அளவாக வைத்தால் போதும். ஒரே இடத்தில் நிலையாக இருக்கும் கோப்பு திரும்பத் திரும்ப அதே முகவரிகளிலேயே எழுதும். ஒவ்வொரு முறையும் பழையது செத்தது என்று டிரைவுக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. டிரிம் இல்லாத கணினிக்கு இது நல்ல பழக்கம்.

காலியிடத்தில் பூஜ்யம் எழுதித் துடைக்கும் மென்பொருள்களை ஓட்டவே கூடாது. பெரும்பாலான கண்ட்ரோலர்களுக்குப் பூஜ்யமும் ஒரு தகவல்தான். பார்ட்டிஷன் முழுவதையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடும்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து டிரிம்

எக்ஸ்பியால் சொல்ல முடியாததை வேறொரு இயங்குதளம் அதன் சார்பில் சொல்லலாம். எளிய வழி லைவ் லினக்ஸ். பழைய 32 பிட் கணினியென்றால் ஆன்ட்டிஎக்ஸ் லினக்ஸின் 32 பிட் பதிப்பு யுஎஸ்பியிலோ சிடியிலோ பூட் ஆகும். எக்ஸ்பியை முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டு லினக்ஸில் நுழைந்து, எக்ஸ்பியின் பார்ட்டிஷனை எழுதும் அனுமதியோடு மவுன்ட் செய்து, ரூட் உரிமையில் எஃப்எஸ்டிரிம் -வி (fstrim -v) என்று எழுதி மவுன்ட் செய்த ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். எத்தனை ஜிபி டிரிம் செய்யப்பட்டது என்று ஒரு வரி வரும். அது பார்ட்டிஷனின் காலியிடத்துக்கு நெருக்கமாக இருந்தால் வேலை முடிந்தது. பயாஸ் ஐடிஇ முறையில் இருந்தாலும் சாட்டா போர்ட் வழியாக இது நடக்கும். நடுவில் சாட்டா-ஐடிஇ மாற்றி இருந்தால் ‘ஆதரவில்லை’ என்ற பிழை வரலாம். அப்போது எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியின் சாட்டா போர்ட்டில்தான் செய்ய வேண்டும்.

விண்டோஸ் 10 கணினியில் இரண்டாவது டிரைவாக மாட்டி ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ வழியாகவும் செய்யலாம். இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மீடியா வகை சாலிட் ஸ்டேட் என்று காட்டினால் மட்டும் ஆப்டிமைஸ் அழுத்துங்கள். ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால் அது டீஃப்ராக் செய்யத் தொடங்கிவிடும். முடிந்ததும் சாதாரண ஷட்டவுன் கொடுக்காமல் ஷிஃப்ட்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் நிலையில் டிரைவ் முறையாக விடுவிக்கப்படாது, அப்படியே கழற்றி மாட்டினால் எக்ஸ்பி செக்டிஸ்க் (டிஸ்க் பிழைச் சோதனை) ஓட்டும். எந்த வழியானாலும் முதல்முறை செய்யுமுன் முழு இமேஜ் ஒன்று எடுத்து வைத்துவிடுங்கள்.

கணினியைத் திறக்கவே முடியாத இடங்களில் இரவில் லாகின் திரையில் சில மணி நேரம் சும்மா விடுவது ஓரளவு உதவும். டிரைவ் தன் பின்னணிச் சுத்தத்தைச் செய்துகொள்ளும். பவர் ஆப்ஷன்ஸில் ஹார்ட் டிஸ்க்கை அணைக்கும் நேரத்தை ‘நெவர்’ ஆக்குங்கள். ஆனால் செத்ததென்று தெரிந்ததை மட்டுமே அது சுத்தம் செய்யும் என்பதால், பார்ட்டிஷனுக்கு வெளியே இடம் விட்டிருந்தால்தான் இதற்கு முழுப் பலன்.

வேகம் குறைந்தால் முதலில் எதைப் பார்ப்பது

டிரிம்மைக் குறை சொல்லுமுன் டிவைஸ் மேனேஜரில் ப்ரைமரி ஐடிஇ சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ் பாருங்கள். எக்ஸ்பி ஆறு பரிமாற்றப் பிழைகள் சேர்ந்ததும் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து கடைசியில், பிராசஸரே தரவை நகர்த்தும் மெதுவான பிஐஓ முறைக்கு இறக்கிவிடும். அப்போது எவ்வளவு நல்ல எஸ்எஸ்டியும் தவழும், சுட்டி நகர்வதே விட்டுவிட்டு நடக்கும். கேபிளை மாற்றி, அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி பூட் செய்தால் சரியாகும்.

பரிமாற்ற முறை சரியாகவே இருந்தால் அளந்து பார்க்கலாம். க்ரூஷியல், மைக்ரான் டிரைவுகளின் ஸ்மார்ட் பட்டியலில் (டிரைவ் தன் நிலையைப் பதிந்து வைக்கும் கணக்கில்) 247ஆவது எண் கணினி கேட்டு எழுதிய பக்கங்கள், 248ஆவது எண் கண்ட்ரோலர் தன் வேலைக்காக எழுதிய பக்கங்கள். ஒரு மாத இடைவெளியில் இரண்டையும் குறித்து, கூடுதலை மட்டும் எடுத்து, இரண்டின் கூட்டுத்தொகையை 247இன் கூடுதலால் வகுங்கள். 2க்கு அருகில் வந்தால் கவலையில்லை. 5, 6 என்று ஏறினால் டிரிம் செய்யும் இடைவெளியைக் குறையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால், இமேஜ் எடுத்து, டிரைவை முழுதாகத் துடைத்து, இன்னும் சிறிய பார்ட்டிஷனாகப் போட்டு மீட்டமையுங்கள்.

எக்ஸ்பி அல்லாத மற்றவை

லினக்ஸில் சாட்டா டிரைவுகளுக்கான டிரிம் 2010இல் வந்த 2.6.33 கர்னலில் இருந்துதான். 2.6.18 கர்னல் கொண்ட சென்ட்ஓஎஸ் 5 போன்றவற்றுக்கும் மேலே சொன்ன முறையே பொருந்தும்: 2048ஆம் செக்டரில் தொடக்கம், வெளியே காலியிடம், எஃப்எஸ்டேப் கோப்பில் நோஏடைம் (கோப்பைத் திறந்த நேரத்தைப் பதியாதிருக்க), அவ்வப்போது புதிய லைவ் லினக்ஸில் எஃப்எஸ்டிரிம். ஈஎக்ஸ்டி3 பார்ட்டிஷனையும் புதிய கர்னல் தன் ஈஎக்ஸ்டி4 டிரைவரால் மவுன்ட் செய்து டிரிம் செய்துவிடும்.

மேக்கில் 10.4, 10.5 பதிப்புகளுக்கு டிரிம் கிடையாது. பவர்பிசி மேக்குகள் அதற்கு மேல் போகவும் முடியாது. பிற நிறுவன எஸ்எஸ்டிகளுக்கு டிரிம்மை இயக்கும் டிரிம்ஃபோர்ஸ் கட்டளையே 10.10.4இல், 2015இல்தான் வந்தது. பவர்பிசி மேக்கில் டிஸ்க் யூட்டிலிட்டியில் பார்ட்டிஷன் பிரிக்கும்போது கடைசியில் ஒரு துண்டை ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ ஆகவே விட்டுவிடுங்கள். ஏற்கெனவே பயன்பட்ட டிரைவ் என்றால் மாட்டுமுன் வேறொரு கணினியில் பிஎல்கேடிஸ்கார்ட் ஓட்டிவிட வேண்டும்.